மறதிநோயும் கணக்கில் வராத கூலியும்

செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். அன்று பெருநகரங்களில் விழிப்புணர்வு நடைப்பயணங்களும் மருத்துவர்களின் உரைகளும் நடைபெறுகின்றன. அல்லிநகரத்திலோ கம்பம் பள்ளத்தாக்கின் பிற ஊர்களிலோ அந்த நாள் வந்துபோவது பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. நோய் இங்கும் இருக்கிறது. அதற்குப் பெயர்தான் இல்லை. சற்றுமுன் சாப்பிட்டதை மறந்து மீண்டும் சோறு கேட்கும் முதியவரையும், நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கும் மூதாட்டியையும், 'வயசாயிட்டா அப்படித்தான்', 'புத்தி தடுமாறிப்போச்சு' என்னும் இரண்டு தொடர்களுக்குள் அடக்கிவிடுகிறோம். பெயரிடப்படாத நோய்க்கு மருத்துவம் தேடப்படுவதில்லை. அரசின் நிதிநிலை அறிக்கையில் அதற்கென ஓர் இனமும் ஒதுக்கப்படுவதில்லை. ஆனாலும் செலவு நடந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் நோயின் அளவைப் பார்ப்போம். இந்திய மூத்தோர் குறித்த நீண்டகால ஆய்வின் ஒரு பகுதியாக, நினைவாற்றலையும் அறிவாற்றலையும் சோதித்து நடத்தப்பட்ட தேசிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதன்படி, நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர் டிமென்ஷியா எனப்படும் மறதிநோயுடன் வாழ்கின்றனர். எண்ணிக்கையில் இது ஏறத்தாழ 88 லட்சம், 2036இல் 1.69 கோடியாக உயரக்கூடும் என்று அந்த ஆய்வு மதிப்பிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. மறதிநோய் என்றதும் நகரத்து அடுக்குமாடியில் தனித்திருக்கும் ஓய்வூதியரே நம் நினைவுக்கு வருகிறார். புள்ளிவிவரம் காட்டுவதோ பள்ளிக்கூடம் போகாத கிராமத்து மூதாட்டியை.

தேனி மாவட்டத்துக்கென்று தனி ஆய்வு செய்யாமலேயே ஒரு தோராயக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 12.46 லட்சம். அதற்குப் பின் வளர்ச்சியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு மக்களில் முதியோரின் பங்கு 2021இல் 13.6 விழுக்காடு என்பது ஒன்றிய அரசின் மதிப்பீடு. இந்த இரண்டு விகிதங்களையும் பொருத்தினால், மாவட்டத்தில் ஏறத்தாழ 12,500 பேருக்கு மறதிநோய் இருக்க வேண்டும். தேனி - அல்லிநகரம் நகராட்சிக்குள் மட்டும் ஏறத்தாழ 950 பேர். இது எண்ணிப் பார்த்த தொகையன்று, விகிதங்களிலிருந்து வருவித்தது. ஆனால், ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடாவது இதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல இது போதும். 2031இல் தமிழ்நாட்டில் முதியோரின் பங்கு 18.2 விழுக்காட்டை எட்டும் என்று அதே மதிப்பீடு கூறுகிறது. எனவே, இந்தத் தொகை குறையப்போவதில்லை.

இவர்களில் நோய் கண்டறியப்பட்டவர் எத்தனை பேர்? மிகச் சிலராகவே இருப்பர். டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. நினைவு, மொழி, திசையறிவு, முடிவெடுக்கும் திறன் ஆகியவை படிப்படியாகக் குலைந்து, அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாமல்போகும் நிலைக்கு அது பொதுப்பெயர். அதற்குக் காரணமான நோய்களில் அல்சைமர் முதலிடம் பெறுகிறது. மூளையின் இரத்தக்குழாய்கள் பழுதடைவதால் வருவது அடுத்த இடத்தில் இருக்கிறது. இரத்தப் பரிசோதனை ஒன்றையோ 'ஸ்கேன்' ஒன்றையோ மட்டும் கொண்டு இதை உறுதிசெய்துவிட முடியாது. கூட இருப்பவரிடம் பொறுமையாகக் கேட்டறிந்த வரலாறே நோயறிதலின் அடித்தளம். கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில் அதற்குரிய அரைமணி நேரம் கிடைப்பதே அரிது.

ஆனாலும் காலத்தே கண்டறிவதால் கிட்டும் பயன் சிறிதன்று. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததால் மண்டைக்குள் தேங்கிய இரத்தம் ஆகியவையும் மறதிநோய்போலவே தோற்றம் தரும். இவை பெருமளவு சரிசெய்யக்கூடியவை. எளிய பரிசோதனைகளில் வெளிப்படக்கூடிய ஒரு குறைபாட்டை 'வயசு' என்று தள்ளிவிட்டு, மீளக்கூடிய ஒருவரை மீளாதவராக்கிவிடும் ஆபத்து நம் வீடுகளில் இருக்கிறது.

இரண்டாவது பயன் சட்டம் சார்ந்தது, பலரும் அறியாதது. பெற்றோரின் பெயரில் உள்ள நிலத்தையும் வங்கிக் கணக்கையும் கையாள 'பவர் பத்திரம்' எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று குடும்பங்கள் நம்புகின்றன. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201இன்படி, அதிகாரம் அளித்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. எந்தக் காலத்துக்கென்று அந்தப் பத்திரம் எழுதப்பட்டதோ அந்தக் காலத்தில்தான் அது செல்லாமல்போகிறது! உயிலும் தெளிந்த மனநிலையில் எழுதினால்தான் செல்லும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அனுமதிக்கும் நியமனப் பிரதிநிதி, சிகிச்சை குறித்த முடிவுகளில்தான் துணைநிற்க முடியும். சொத்தைக் கையாள முடியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ்க் காப்பாளரை நியமிக்கும் எளிய வழி உண்டு. ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கே உரியது. மறதிநோய் முற்றியவரின் குடும்பத்துக்கு மிஞ்சுவது நீதிமன்றப் படிக்கட்டுதான். நோய் தொடக்கநிலையில் இருக்கும்போதே தெரியவந்தால், தம் விருப்பங்களைத் தாமே எழுதிவைக்கும் உரிமையாவது அந்த முதியவருக்குக் கிட்டும்.

மருந்துகளைப் பற்றியும் மிகைப்படுத்தாமல் பேச வேண்டும். டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அறிகுறிகளைச் சிறிதுகாலம் மட்டுப்படுத்துகின்றன, நோயை நிறுத்துவதில்லை. 2023இல் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்த லெகானெமாப் என்னும் ஊசிமருந்து, 18 மாதக் காலத்தில் தொடக்கநிலை நோயாளிகளின் சரிவை ஏறத்தாழ 27 விழுக்காடு மெதுவாக்கியது. அதன் அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 26,500 டாலர். மூளையில் வீக்கமோ இரத்தக்கசிவோ ஏற்படுகிறதா என்று அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவும் வேண்டும். இத்தகைய மருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு எட்டுவதற்கு நெடுங்காலம் ஆகும். அதுவரை இந்நோய்க்கான மருத்துவத்தின் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் நடந்தாக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. ஆனால் யாரேனும் சொல்லித்தர வேண்டும். எழுவது, குளிப்பது, உண்பது, உறங்குவது ஆகியவற்றை நாள்தோறும் ஒரே நேரத்தில் அமைப்பது. மறந்ததைச் சுட்டிக்காட்டி வாதாடாதிருப்பது. இரவில் கழிவறை விளக்கை எரியவிடுவது. சமையல் எரிவாயு உருளையின் திருகை மூடிவைப்பது. சட்டைப்பையிலோ கழுத்துக் கயிற்றிலோ தொலைபேசி எண்ணைச் சேர்ப்பது. மங்கிய பார்வைக்குக் கண்ணாடியும் குறைந்த செவித்திறனுக்குக் கருவியும் வாங்கித்தருவது. திடீரென ஓரிரு நாள்களில் குழப்பம் மிகுந்தால் அது நோயின் வளர்ச்சி அன்று. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீரிழப்பு போன்ற வேறொன்றின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தூக்கமாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் முடியலாம். இவற்றைச் சொல்லித்தரப் பேராசிரியர் நிலையில் உள்ள நரம்பியல் மருத்துவர் தேவையில்லை. ஆனால், யாரோ ஒருவர் வாசல்படி ஏறி வர வேண்டும்.

இனிப் பொருளாதாரத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019இல் மறதிநோயால் உலகுக்கு ஏற்பட்ட செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அதில் ஏறத்தாழ பாதி, குடும்பத்தாரும் நண்பர்களும் ஊதியமின்றிச் செய்த பராமரிப்பின் மதிப்பு. அந்தப் பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காட்டைப் பெண்களே தருகின்றனர். நம் நாட்டில் 2024இல் நடத்தப்பட்ட காலப் பயன்பாட்டு ஆய்வு, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டிலுள்ளோரைப் பராமரிப்பதில் ஈடுபடுவதாகக் கூறுகிறது. ஆண்களில் இது 21.4 விழுக்காடு. குழந்தை வளர்ப்பும் இதில் அடக்கம் என்றாலும், சுமை எந்தத் தோளில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் அந்தச் சுமைக்கு ஒரு தனி வடிவம் உண்டு. விடியும் முன்பே சோற்றுவாளியுடன் ஜீப் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் இடுக்கியின் ஏலக்காட்டு வேலைக்குச் சென்று அந்தியில் திரும்பும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். வீட்டில் மாமியாரோ தகப்பனாரோ வழிதவறத் தொடங்கிவிட்டால், முதலில் நிற்பது இந்தப் பெண்ணின் வேலை. மலைக்குப் போய்விட்டுப் பாதி நாளில் திரும்ப முடியாது; அரைநாள் வேலை என்று ஒன்று அங்கே இல்லை. ஆகவே அவள் முழுதாக நின்றுவிடுகிறாள்.

இந்த இழப்பைக் குறைந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். 2025–26ஆம் நிதியாண்டுக்குத் தமிழ்நாட்டுக்கென அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைத் திட்டக் கூலி ரூ.336. மாதத்துக்கு 25 நாள் வேலை என்று கொண்டால், ஒரு பெண் இழப்பது மாதம் ரூ.8,400, ஆண்டுக்கு ரூ.1 லட்சத்துக்குச் சற்றே கூடுதல். மாவட்டத்தின் 12,500 நோயாளிகளில் கால்பங்கினருக்கு மட்டுமே முழுநேரத் துணை தேவை என்று வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 3,100 குடும்பங்கள் ஆண்டுக்கு ரூ.31 கோடிக்கு மேல் இழக்கின்றன. எந்த அரசாணையிலும் எந்த மருத்துவமனைப் பற்றுச்சீட்டிலும் இந்தத் தொகை இல்லை. 'வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்' என்று நாம் பெருமையோடு சொல்வதன் விலை இது. அதைச் செலுத்துபவர் அந்தப் பெருமையில் பங்கு கேட்காதவர் என்பதால் கணக்கு வெளியே வருவதில்லை.

அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் இந்த இடத்தில் உதவுவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2024 அக்டோபரில் 70 வயது கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட ஒன்றிய அரசின் ரூ.5 லட்சம் காப்பீடும் மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவோரை மனத்தில் கொண்டவை. மறதிநோயாளிக்கு அறுவை சிகிச்சை இல்லை. படுக்கைநாள் கணக்கும் இல்லை. பத்தாண்டுகள்கூட நீளக்கூடிய இந்த நோயில் ஒவ்வொரு நாளும் வேண்டியிருப்பது ஒரு மனிதரின் நேரம். அதற்குக் காப்பீட்டில் குறியீட்டு எண் இல்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமோ, கைவிடும் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற்றுத்தர உதவுகிறது. கைவிடாமல் பார்த்துக்கொண்டு அதனாலேயே கடனாளியாகும் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

துணையின்றி விடப்பட்ட வீடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் தென்மாவட்டங்களே கசப்பான சான்று. 2010இல் விருதுநகர் வட்டாரத்திலிருந்து வெளிவந்த 'தலைக்கூத்தல்' பற்றிய செய்திகள் நாட்டை உலுக்கின. படுத்த படுக்கையான முதியோரின் மரணத்தைக் குடும்பமே விரைவுபடுத்தும் அந்தக் கொடுமை சட்டத்தின் முன் கொலை. அதற்கு எந்த நியாயமும் கற்பிக்க இயலாது. ஆனால், வறுமையும் பராமரிப்புச் சுமையும் சேர்ந்த வீட்டில், உதவி என்று ஒரு கை நீளாதபோது, மனிதர் எதையெல்லாம் 'வழக்கம்' என்று ஏற்கத் துணிகின்றனர் என்பதை அது காட்டியது. தண்டனைச் சட்டம் குற்றம் நடந்த பின்னரே வருகிறது. அதற்கு முன்பே வர வேண்டியவை சுகாதாரத் துறையும் சமூகநலத் துறையும்.

செய்யக்கூடியது என்ன? மலைக்கு அப்பால் பார்த்தாலே சில விடைகள் கிட்டும். 1992இல் மருத்துவர் ஜேக்கப் ராய் தொடங்கிய அல்சைமர் சங்கம் கேரளத்திலிருந்தே நாடெங்கும் பரவியது. அந்தச் சங்கத்துடன் இணைந்து 2014இல் கேரள அரசு 'ஸ்மிருதிபதம்' என்னும் மறதிநோய்த் திட்டத்தைத் தொடங்கிப் பகல்நேரப் பராமரிப்பு மையங்களுக்கு வழிவகுத்தது. படுக்கையில் கிடப்போரை முழுநேரமும் கவனிப்பவர்களுக்கு மாதம் ரூ.600 வழங்கும் 'ஆஸ்வாசகிரணம்' திட்டமும் அங்கே உண்டு. தொகை சிறியது, ஆனால் கவனிப்பவரை ஓர் உழைப்பாளராக அரசு ஏட்டில் பதிவதே ஒரு முன்னேற்றம்.

ஆய்வுச் சான்றுகளும் நம் அருகிலேயே இருக்கின்றன. உலக மறதிநோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தாலும் ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடப்பதில்லை என்பதைப் பெயரிலேயே பதிவுசெய்த '10/66' ஆய்வுக் குழு 1998இல் கொச்சியில் உருவானது. சென்னையும் வேலூரும் அதன் களங்களாயின. சிறிதளவு பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் அடையாளம் காட்டியவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு மறதிநோய் இருந்ததைத் திருச்சூரில் மருத்துவர் கே.எஸ். ஷாஜி குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கோவாவில் 81 குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், மருத்துவப் பட்டம் இல்லாத ஆலோசகர்கள் ஆறு மாதம் வீடுதேடிச் சென்று வழிகாட்டியதிலேயே கவனிப்போரின் மனஉளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது.

இத்தகைய பணியாளர்களைத் தமிழ்நாடு புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலப் பெண்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையோடு ஏற்கெனவே முதியோரின் வாசலுக்கு வருகின்றனர். 2024இல் ஐக்கிய நாடுகளின் விருது பெற்ற திட்டம் அது. அவர்களின் பதிவேட்டில் நினைவாற்றல் குறித்த நான்கைந்து கேள்விகளைச் சேர்க்கலாம். ஐயத்துக்குரியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி12, தைராய்டு பரிசோதனைக்கு அனுப்பி, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் மாதம் ஒரு நாள் ஒவ்வொரு வட்டாரத்திலும் அவர்களைப் பார்க்கும்படி ஏற்பாடு செய்யலாம். அதற்குரிய கூடுதல் மதிப்பூதியத்தை அந்தத் தன்னார்வலர்களுக்குத் தந்தாக வேண்டும். ஊதியமற்ற ஒரு பெண்ணின் சுமையை அரைகுறை ஊதியம் பெறும் இன்னொரு பெண்ணின் தலையில் மாற்றுவது சீர்திருத்தம் ஆகாது.

அடுத்தது பகல்நேர மையம். பெரிய கட்டடம் வேண்டாம். தேனி, போடி, கம்பம், ஆண்டிபட்டி என நகருக்கு ஒன்றாக, பயிற்சி பெற்ற இருவர் பொறுப்பில், ஏலக்காட்டு ஜீப் புறப்படும் நேரத்துக்கு முன்பே திறந்து, அது திரும்பிய பின் மூடும் இடமாக அது இருக்க வேண்டும். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை என்று அலுவலக நேரம் வகுத்தால் இந்தப் பள்ளத்தாக்கில் அது பயன்படாது.

மூன்றாவது, கவனிப்பவருக்கான உதவித்தொகை. முற்றிய நிலையில் உள்ளவரைக் கவனிக்கும் 3,100 குடும்பங்களுக்கு மாதம் ரூ.1,000 என்றால், தேனி மாவட்டத்துக்கு ஆண்டுச் செலவு ரூ.3.75 கோடிக்குள் அடங்கும். அக்குடும்பங்கள் இழக்கும் ரூ.31 கோடியில் எட்டில் ஒரு பங்கு. இதற்கான கொள்கை அடிப்படையை அரசு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, வீட்டில் பெண்கள் செய்யும் ஊதியமற்ற உழைப்புக்கான அங்கீகாரம் என்றே அறிவிக்கப்பட்டது. அந்த உழைப்பிலேயே கடினமான பகுதிக்குத் தனியாக ஒரு தொகை கேட்பது அதன் இயல்பான நீட்சிதான்.

'பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலியா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் இருக்கும் அறவுணர்வை மதிக்க வேண்டும். ஆனால் இந்தத் தொகை பாசத்துக்கு விலை பேசுவதில்லை. பாசத்தால் ஒருவர் வறுமைக்குள் விழுந்துவிடாதபடி தாங்குகிறது. குடும்பப் பிணைப்புக்குப் பெயர்பெற்ற ஜப்பான், 2000இலேயே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. 40 வயது நிறைந்தவர்கள் அதற்குச் சந்தா செலுத்துகின்றனர். மறதிநோய்க்கு அங்கே வழங்கிவந்த இழிவான சொல்லை 2004இல் மாற்றி, 2023இல் அதற்கென்றே அடிப்படைச் சட்டம் இயற்றினர். அங்கே பிள்ளைகளின் பாசம் குறைந்துவிட்டதால் இவை வரவில்லை. பாசம் மட்டும் போதவில்லை என்பதை ஒப்புக்கொண்டதால் வந்தன.

நோயைத் தள்ளிப்போடுவதிலும் அரசுக்குப் பங்குண்டு. 'லான்செட்' ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கையாண்டால் உலகின் மறதிநோயில் 45 விழுக்காடு வரை தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ இயலும் என்கிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகை, மது, செவித்திறன் குறைவு, தனிமை ஆகியவற்றோடு குறைந்த கல்வியும் அப்பட்டியலில் இருக்கிறது. காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவால் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் இன்று எழுபதுகளில் இருக்கின்றனர். அன்றைய சோற்றுச் செலவின் பலன்களில் ஒன்று இன்று அவர்களின் நினைவாற்றலில் இருக்கக்கூடும். அவர்களுக்கு முந்தைய தலைமுறைப் பெண்களுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. பள்ளிக்கூடம் தராத பாதுகாப்பை, எண்பதைக் கடந்த அவர்களுக்கு இப்போது வீடுதான் தர வேண்டியிருக்கிறது.

வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன் சுகாதாரத் துறை செய்யத்தக்க முதல் காரியம் ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு மாவட்டத்தில், தேனியிலேயே தொடங்கினாலும் நன்று, வீடுதேடிச் செல்லும் பணியாளர்களைக் கொண்டு மறதிநோயாளர்களையும், அவர்களுக்காக வேலையை விட்டவர்களையும் சேர்த்தே கணக்கெடுக்க வேண்டும். நோயாளியின் பெயருக்கு எதிரே கவனிப்பவரின் பெயரும் அவர் இழந்த கூலியும் ஏட்டில் ஏறட்டும். மேலே போட்ட தோராயக் கணக்கு தவறு என்று அந்தக் கணக்கெடுப்பு காட்டினால் அதுவும் நல்லதே. திட்டத்தைத் தொடங்க அப்போது நமக்கு ஒரு சரியான எண் கிடைத்திருக்கும்.